வேக வண்டி மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தை பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருவார்கள், வந்த அன்று சாயங்காலமே பத்து மாதமாக உறை போட்டு நிறுத்தி வைத்த வண்டியை வெளியே எடுக்கப் பார்ப்பார்கள், அது எடுக்காது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று பதினைந்து வருஷமாக இந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு. போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், விர்டஸ் 1.5, புன்ட்டோ அபார்த், பிஎம்டபிள்யூ 330ஐ, எம்340ஐ வரை பார்த்தாகிவிட்டது.

ஓட்டினால் சுகம், ஆனால் நம்ப முடியாது என்று இந்த வண்டிகளுக்கு ஒரு பெயர் உண்டு. நான் பார்த்த வரையில், கோளாறு பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்தச் சின்ன இடத்தைப் பார்க்காமல் நேராகப் பெரிய பாகத்தைக் கழற்றும்போதும், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் ஓட்டும்போதும்தான் லட்சக்கணக்கில் போகிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், செலவான காரணம் கடைசியில் வரும். நமக்கு மதுரையும் திருச்சியும் இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு போகலாமா, ரெக்கவரி வண்டியில் ஏற்றணுமா என்று முடிவெடுப்பதுதான் இங்கே முக்கியம்.

கையில் ஒரு மல்டிமீட்டர், வண்டியின் கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும், போனோடு சேரும் ஓபிடி ஸ்கேனர், நல்ல டார்ச் லைட் மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்த்து ஒரு டயர் விலைகூட ஆகாது.

## பல மாதம் நின்ற வண்டி: ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை, அல்லது டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது

பேட்டரிதான். மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே போயிருந்தால் செல்ஃப் சுற்றுவது சந்தேகம். ஜம்ப் கொடுப்பதற்கு முன்னால் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டுங்கள். இதோடே முடிந்துபோன கேஸ்கள் எத்தனையோ.

ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது.

மறுநாள் காலை மறுபடி இறங்கியிருந்தால் இரண்டு காரணம். பேட்டரி ஆயுசு முடிந்திருக்கலாம்: செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள், 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். இல்லை, ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரன்ட் குடிக்கிறது: டேஷ் கேமரா, பின்னால் போட்ட ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் டிராக்கர். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து அளந்தால் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்று உள்ள பேட்டரியே போடுங்கள், சாதாரணப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். பிஎம்டபிள்யூவில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வழியாகப் பதியவும் வேண்டும்.

பேட்டரி போட்டதும் டேஷ்போர்டு முழுக்க லைட் எரிகிறது

பயப்படாதீர்கள். ஸ்டியரிங், இஎஸ்பி (வழுக்கல் தடுப்பு) விளக்குகள் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தானாக அணையும். அணையாவிட்டால்தான் ஸ்கேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பானெட்டைத் திறந்து முதலில் எலியைத் தேடுங்கள். போன வருஷம் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி கூப்பிட்டார்கள். "தம்பி, மகன் நாளைக்குக் காலையில வந்து இறங்குறான், வண்டி உறுமுது, ஆனா எடுக்க மாட்டேங்குது" என்றார்கள். போய் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சை எல்லாம் பிய்த்துக் கொண்டுவந்து, நடுவில் குழி பறித்து, நெல் உமியும் வேப்பங்கொட்டையுமாக ஒரு கூடு. அதற்குப் பக்கத்திலேயே இன்ஜெக்டருக்குப் போகும் மூன்று ஒயர்கள் கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டிருந்தன. ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, உறை போட்டுச் சுருக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த வண்டிக்கு ஒயரிங் செட்டையே மாற்றணும் என்று அதற்கு முன்னால் யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒன்று மட்டும் கவனம். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. எலி ஹோஸையும் கடிக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது, வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கிற ஷெட்டுக்கு இதைவிடச் சிக்கனமான காப்பு கிடையாது.

## இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, வண்டி உதறுகிறது

இன்ஜின் விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். ஒரு காயிலோடு (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) போகிற செலவை கன்வெர்ட்டர் செலவாக ஆக்க வேண்டாம்.

ஸ்கேனரில் பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் எல்லாவற்றிலும் மாறி மாறி.

ஒரே ஒரு சிலிண்டர் என்றால்

காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். இன்ஜின் ஆறட்டும். சூட்டோடு கை வைத்தால் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு பொட்டென்று ஒடிந்துவிடும், நம் வெயிலில் ஆறேழு வருஷம் ஓடின வண்டியில் அது அப்பளம் மாதிரிதான் இருக்கும். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் போட்டு ஸ்டார்ட் செய்து, பழைய கோடை அழித்துவிட்டு மறுபடி படியுங்கள். பி0301 இருந்த இடத்தில் பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. சில ஆயிரம் ரூபாயோடு முடிந்தது.

கோடு நகரவில்லை என்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். டர்போ வண்டியில் பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால், சும்மா ஓட்டும்போது தெரியாது, முழுசாக மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும். ரீமேப் செய்த (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய) வண்டி என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே பிளக்கை மாற்றிவிடுங்கள்.

இரண்டும் நகர்ந்தும் கோடு அதே சிலிண்டரில் நின்றால் இன்ஜெக்டர், அதற்கு அப்புறம் கம்ப்ரஷன் சோதனை. இங்கிருந்து ஒர்க் ஷாப் வேலை.

எல்லாச் சிலிண்டரும் என்றால்

கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? போட்டு சில கிலோமீட்டருக்குள் ஆரம்பித்தது என்றால் தண்ணீர் கலந்திருக்கலாம். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் இல்லாமல் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள், தண்ணீர் அடியில் தனிப் படலமாகத் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே பிரிந்து நிற்கும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்ற வண்டியில் இதை நான் மறக்காமல் பார்ப்பேன்.

காலையில் மட்டும், சூடேறும் வரை என்றால்

டிஎஸ்ஐ மாதிரி பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் இன்ஜினில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. அதனால் வால்வின் முதுகில் கரி கட்டும். பெட்ரோலில் ஊற்றும் எந்த டப்பாவும் அந்தக் கரியைத் தொடாது, பெட்ரோல் அந்தப் பக்கம் போவதே இல்லையே. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள், மூடியிருக்கும் வால்வில் மட்டுமே அடிக்கணும், திறந்த வால்வு வழியாகத் தூள் உள்ளே போனால் இன்ஜின் போச்சு.

## இழுவை போய்விட்டது

இபிசி (இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ்) விளக்கு எரிகிறது, வண்டி நகர்கிறது, வேகம் ஏறவில்லை

ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை, அல்லது விட்ட பிறகும் எரிகிறது என்றால் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் ஸ்விட்ச் போயிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் இந்தச் சின்ன ஸ்விட்ச்சே இபிசியைக் கொளுத்திவிடும். அது சரியாக இருந்தால் த்ராட்டில் பாடி அழுக்கு, அப்புறம் அதன் ஒயர்.

ஸ்கேனரில் பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை) வருகிறது, அல்லது விளக்கே இல்லாமல் மந்தமாக இருக்கிறது

ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். நம் பக்கம் செம்மண் புழுதி, கிராமத்துச் சாலையில் முன்னால் ஒரு டிராக்டர் போனால் போதும். கம்பெனி அட்டவணையைப் பார்க்காமல் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். திருப்பித் தட்டினால் சிவப்பாகக் கொட்டுகிறதா, முடிந்தது அதன் காலம்.

அடுத்தது ஹோஸ். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் ஒட்டி ஒரு கறுப்பு வளையம் இருந்தால் காற்று அங்கேதான் போகிறது. மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்டால் இன்னும் உறுதி. கிளிப்பை இறுக்கினாலே பல வண்டிகள் உயிர் பெறும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குப் புகை அடித்துப் பார்க்கும் சோதனை உண்டு, மதுரையில் செய்கிறார்கள்.

ஹோஸ் சரி என்றால் டைவர்ட்டர் வால்வு, பூஸ்ட் கன்ட்ரோல் சொலினாய்டு, வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் என்று போங்கள். இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போ. குளிர்ந்த இன்ஜினில் குழாயைக் கழற்றி டர்போவின் விசிறியை விரலால் அசைத்தால் துளி ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை சுவரில் உரசிய தழும்பு இருந்தாலோ, ஓட்டும்போது நீலப் புகை வந்தாலோ டர்போ வெளியே வரணும். அப்போதும் ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும்.

மத்தியானம் மட்டும் மந்தம், ராத்திரி பறக்கிறது

இது கோளாறே இல்லை. சித்திரை வெயிலில் உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பெட்ரோல் மூடிக்குள் எழுதியிருக்கும் ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள், ரீமேப் செய்தவர்கள் ட்யூனர் சொன்ன பெட்ரோலைத்தான் போட வேண்டும். டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு அடிவரை மிதிக்காதீர்கள், சின்ன டர்போ இன்ஜினில் பிஸ்டனை உடைக்கும் பழக்கம் அதுதான். ஒரு கியர் இறக்கி மிதியுங்கள்.

## டெம்பரேச்சர் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது

முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரம் கட்டுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஃபேன் ஓடவில்லை. ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் கன்ட்ரோலர், கடைசியில் மோட்டார். வண்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடுவது மட்டும் சரியானதுதான், அதை யாரும் ரிப்பேர் செய்ய வேண்டாம்.

ஓடும்போதும் ஏறுகிறது

ரேடியேட்டர் முன்னால் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப்.

முள் சரி, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டியிருக்கிறது

காலையில் குளிர்ந்த இன்ஜினில் டார்ச் அடித்துத் தேடுங்கள். காய்ந்த கூலன்ட் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி தெரியும். ஆக்டேவியா 1.8, ஆர்எஸ் இரண்டிலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டும் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் அங்கே இருக்கிறது, வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து கசியும். இந்தக் கசிவைக் கண்டால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள், நெடுஞ்சாலையில் மொத்தமாக வாய் திறந்தால் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

வெளியே எங்கும் கசிவில்லை, டேங்கில் குமிழ் வருகிறது, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள்.

ஊற்றுவது பற்றி ஒரு வார்த்தை. நம் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து இன்ஜினுக்குள் இருக்கும் வாய்க்காலை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கம்பெனி சொன்ன கூலன்ட்டும் மட்டும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றிவிட்டால், ஊர் வந்ததும் முழுக்க வடித்து மாற்றுங்கள்.

## ஆயில்

சிவப்பு எண்ணெய்க் குடம் விளக்கு எரிகிறது

அந்த இடத்திலேயே அணையுங்கள். திருமயம் வரை போய்விடலாம், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலும் பேரிங் தேயும். நான் கைவிட்ட இன்ஜின்கள் இரண்டு, இரண்டிலும் அந்த விளக்கு எரிந்த பிறகு "கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டியிருந்தார்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் ஆயில் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றி அனுப்புங்கள்.

மஞ்சள் விளக்கு, அல்லது குச்சியில் குறைவு

சமதளத்தில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். பல பிஎம்டபிள்யூக்களில் குச்சியே கிடையாது, திரையில்தான் அளக்க வேண்டும். அளவை நோட்டில் எழுதுங்கள், கிலோமீட்டரோடு. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிப்பது சகஜம் என்று ஃபோக்ஸ்வாகன் கையேடே சொல்கிறது. என் கருத்தில், திடீரென்று கூடினால் அந்த எல்லைக்குள் இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

தேடும் வரிசை இது: ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள், சொட்டினால் இடம் தெரியும். சொட்டு இல்லையென்றால் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுத்துப் பிடிப்பது சரி, பலமாக உறிஞ்சிக்கொண்டு வரவே மறுத்தாலோ, ஐடிலிங்கில் ஊளையிடும் சத்தம் வந்து குச்சியைத் தூக்கியதும் நின்றாலோ பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும்) வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. பாகம் மாற்றுவது சுலபம், விலையும் தாங்கக்கூடியது. பிசிவியும் சரி என்றால் டர்போ சீல், கடைசியில் பிஸ்டன் ரிங். 2010ஐ ஒட்டிய 1.8, 2.0 டிஎஸ்ஐ இன்ஜின்களில் ரிங் பலவீனம் தெரிந்த விஷயம், பழைய லாரா, சூப்பர்ப் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம்

ஒரு வினாடியில் அடங்கினால் பெரும்பாலும் ஆயில் மேலே ஏறும் நேரம். மூன்று நான்கு வினாடிக்கு நீண்டால் டைமிங் செயின் டென்ஷனர் சந்தேகம். அதே பழைய டிஎஸ்ஐயிலும், பிஎம்டபிள்யூ 328ஐயில் இருந்த என்20 இன்ஜினிலும் இது அடிக்கடி வந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்கணும் என்று தோன்றும், செய்யாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். ரெக்கவரி வண்டிதான்.

## டிஎஸ்ஜி கியர்பாக்ஸ்: ஜர்க், கியர் விழவில்லை

டிஎஸ்ஜி என்பது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் பெட்டி. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1.2 டிஎஸ்ஐ போலோ ஜிடி, இப்போதைய 1.5 விர்டஸ், ஸ்லேவியா ஆட்டோமேட்டிக் எல்லாம் டிகியூ200, ஏழு கியர், உலர் கிளட்ச். 2017இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஆறு கியர், ஆயிலில் நனையும் கிளட்ச். 2020க்கு அப்புறம் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவில் டிஎஸ்ஜியே இல்லை, சாதாரண டார்க் கன்வெர்ட்டர்தான்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறல் (உலர் கிளட்ச்)

சூட்டிலும் நெரிசலிலும் வரும். சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகும் வரிசையில் அரை மணி நேரம் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால் எந்த உலர் கிளட்ச்சும் சூடேறும். முன்வண்டியோடு இடைவெளி விட்டு, சேர்த்து ஒரே நகர்வாக நகருங்கள். ஆறிய பிறகு உதறல் போய்விட்டால் பழக்கத்தை மாற்றுவதே வைத்தியம். ஆறியும் இருந்தால் ஸ்கேனரில் கிளட்ச் அடாப்டேஷன் செய்யச் சொல்லுங்கள், மென்பொருள் வேலைதான். அதற்கும் கேட்கவில்லை என்றால் கிளட்ச் செட்.

கியர் எழுத்துகள் மினுக்குகின்றன, வண்டி நின்றுவிட்டது

பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். ஆமாம், மறுபடியும் பேட்டரி. வோல்ட்டேஜ் குறைந்தால் மெக்கட்ரானிக் (கியரை இயக்கும் கணினியும் எண்ணெய் வால்வுகளும் சேர்ந்த யூனிட்) ஏதேதோ கோடு காட்டும். ஒரு போலோ ஜிடிக்கு மெக்கட்ரானிக் மாற்ற லட்சத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், என்னிடம் வந்தபோது மைனஸ் ஒயரின் எர்த் போல்ட் துருப்பிடித்துக் கையால் சுற்றும் அளவுக்கு இருந்தது. உப்புத்தாள் தேய்த்து இறுக்கினேன், அந்த வண்டி இன்றுவரை ஓடுகிறது.

வோல்ட்டேஜ் சரி என்றால் எந்தக் கியர்கள் இல்லை என்று பாருங்கள். இந்தப் பெட்டிக்குள் இரண்டு கிளட்ச்: ஒன்று 1, 3, 5, 7ஐப் பார்க்கிறது, மற்றது 2, 4, 6, ரிவர்ஸைப் பார்க்கிறது. ரிவர்ஸும் இரட்டைப்படையும் சேர்ந்து போயிருந்தால் ஒரு பக்கம் மட்டும் பழுது. எல்லாமே போய், பி17பிஎஃப் என்ற கோடும் வந்தால் மெக்கட்ரானிக்குக்குள் எண்ணெய் அழுத்தம் நிற்கவில்லை, அக்குமுலேட்டர் (எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் பாகம்) இருக்கும் இடத்தில் அலுமினியம் விரிசல் விட்டிருக்கலாம். இது நிபுணர் வேலை. ஆனால் கேளுங்கள்: முழு யூனிட் மாற்றணுமா, அந்தப் பாகம் மட்டும் போதுமா? இரண்டுக்கும் விலையில் மலையளவு வித்தியாசம். பழைய டிகியூ200 வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2013இல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து இந்தப் பெட்டியின் சிந்தெட்டிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றியது, வெப்பமான ஊர்களில் மின்கோளாறு வந்ததால். அந்தக் காலத்து வண்டி என்றால் மாற்றியதற்குப் பதிவு இருக்கிறதா பாருங்கள்.

நனைந்த கிளட்ச் ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும். இதைத் தவறாமல் செய்த ஆர்எஸ்களில் நான் பெட்டியைத் திறந்ததே இல்லை.

ரீமேப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டிகியூ200 தாங்குவதற்குச் சொல்லியிருக்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர், 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250. அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொன்றும் கிளட்ச்சின் ஆயுளிலிருந்து எடுப்பது. நான் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால் நியூட்ரலில், 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள். மதுரை அதற்கு அப்பால் இருக்கிறது. எம்340ஐ போல நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குக் கயிறே வேண்டாம், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி வண்டி மட்டும்.

## பிரேக்

ஸ்டியரிங் ஆடுகிறது: சக்கர போல்ட் இறுக்கம், அப்புறம் டிஸ்க். நீண்ட ஓட்டம் முடிந்து சூட்டோடு சூடாக வாட்டர் வாஷ் கொடுக்காதீர்கள். நின்ற வண்டியில் டிஸ்க்கில் துரு உரசுகிற சத்தம் முதல் நாலைந்து பிரேக்கில் போய்விடும்.

பெடல் மெத்தென்று உள்ளே போகிறது: கொடைக்கானல் இறக்கத்தில் வந்தால் நிறுத்தி ஆறவிட்டு, கீழ்க் கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 155லேயே கொதிக்கலாம். வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். சமதளத்திலும் பெடல் அடிவரை போனால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர், ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

கீச்சென்ற சத்தம்: பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருக்கும். இரும்பு அரைக்கும் சத்தம் ஆகும்வரை விட்டால் டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

## வேகத்தடையில் தட்டுகிறது, 80க்கு மேல் அதிர்கிறது

தட்டினால் முதலில் டிக்கியில் ஜாக்கி தளர்ந்து உருள்கிறதா பாருங்கள். அப்புறம் லிங்க் ராடு, விலை குறைந்தது, அடிக்கடி போவதும் அதுதான். பிறகு கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், கடைசியில் ஷாக் அப்சார்பர். ஷாக்கில் எண்ணெய் வழிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

அதிர்ந்தால் பேலன்ஸிங் பார்க்கும் முன் சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். 40, 45 புரொஃபைல் (பக்கவாட்டு உயரம் குறைந்த) டயரில் குழி விழுந்தால் அடி உள்பக்கம்தான் வாங்கும், வெளியே பளபளவென்று இருக்கும். லேசான வளைவை நிமிர்த்தலாம். விரிசல் என்றால் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள், ரிம்மை மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் கட்டி மாதிரி புடைத்திருந்தால் அந்த டயர் முடிந்தது, பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் இல்லை. பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஷெட்டிலேயே நின்ற வண்டியில் பட்டன் ஆழம் புதுசாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும், பட்டன்களுக்கு நடுவே மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அதில் 100க்கு மேல் போகாதீர்கள், சீக்கிரம் மாற்றுங்கள்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். போலோ, ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் அடித்துவிட்டு அனுப்பினால், 50 கிலோமீட்டர் ஓடியதும் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு தடவை நீங்களே இறுக்கிப் பாருங்கள்.